ரயில் ஏறும் முன்



2001-இல் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு நம்மில் பலருக்கு ரயிலை நம்பித்தான் பிழைப்பு. தினமும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் போகிறோம். விடுமுறை வந்தால் வேளாங்கண்ணிக்குப் போகிறோம். வழியில் விபத்து நடந்தால் குடும்பத்துக்கு என்ன பாதுகாப்பு?

ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் முன்பதிவு செய்தால் பயணக் காப்பீடு எடுக்கலாம். 2016-இல் இது வந்தபோது ஓர் ஆளுக்கு 92 பைசா. இப்போதும் ஒரு ரூபாய்க்குள்தான்.

ரயில் விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். காயம் பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 2 லட்சம் வரை கிடைக்கும். காய்ச்சல் வந்தாலோ பை தொலைந்தாலோ இதில் பணம் வராது.

கடையில் டிக்கெட் எடுக்கும்போது, "காப்பீடும் போடுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் சொந்த செல்போன் எண்ணைக் கொடுங்கள். அதற்குத்தான் தகவல் வரும். அதன் வழியே, பணம் யாருக்குச் சேர வேண்டுமோ அவர் பெயரைப் பதியுங்கள். பெயர் இல்லாவிட்டால் குடும்பம் அலைய வேண்டியிருக்கும்.

கவுண்டர் டிக்கெட்டுக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் இந்தக் காப்பீடு இல்லை. ஆனால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் உண்டு. முறையான டிக்கெட்டோடு போனவர் ரயில் விபத்தில் இறந்தால், 2017 முதல் இழப்பீடு 8 லட்சம் ரூபாய். ஓராண்டுக்குள் ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். அதனால் டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ரயில் ஏறும் முன் பையைச் சரிபார்க்கிறோம். டிக்கெட்டையும் ஒருமுறை படித்துப் பார்ப்போம். படிக்கத்தான் கற்றுக்கொண்டோமே!