எண்ணிய எண்ணெய், எண்ணாத தண்ணீர்

2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை, சரக்கு லாரிகள் வாளையார் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று கணக்குக் காட்டிவிட்டுத்தான் கேரளத்துக்குள் போயின. அங்கிருந்து தெற்கே, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், பூமிக்கடியிலிருந்து ஏறிவரும் தண்ணீரை நிறுத்திக் கணக்குக் கேட்கச் சாவடி ஏது? பத்திரிகைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எண்ணெய்க்கோ கணக்கு இருந்தது: 1973இல் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. வளைகுடாப் பணம் கேரளத்தையே மாற்றியது. பேரல் விலை, டாலர் மதிப்பு என்று தினமும் ஓர் எண் கிடைத்ததால் எண்ணெய் முதல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கிணற்று நீர்மட்டத்துக்கு அப்படி எண் தருவார் இல்லை. குடங்கள் சாலைக்கு வந்த பிறகே பஞ்சம் செய்தியாகிறது.

அதே சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் அதுதான் நடந்தது. 2000இல் கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கிணற்றுநீர் குடிக்கவும் சமைக்கவும் உதவவில்லை என்று பழங்குடிப் பெண்கள் முறையிட்டு, 2002 ஏப்ரலில் மயிலம்மா முன்நிற்க ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். மலையாள நாளிதழ் 'மாத்ருபூமி'யின் நிர்வாக இயக்குநர் வீரேந்திரகுமார் அவர்கள் பக்கம் நின்றார். 2004 ஜனவரியில் அந்த வட்டாரத்தில் உலகத் தண்ணீர் மாநாடே கூடியது. மழை பொய்த்ததற்கு ஆலை என்ன செய்யும் என்பார்கள். வெறும் வாதமல்ல இது. வழக்கமான மழை பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று 2005இல் கேரள உயர் நீதிமன்ற அமர்வே சொன்னது. ஆனால் பாலக்காட்டின் கிழக்கு ஓரம் மழை குறைந்த பூமி. அங்கே வறண்ட ஆண்டு விதிவிலக்கல்ல. அந்த ஆண்டைத் தாங்கும் அளவுதான் சரியான அளவு. கெட்டுப்போன நீரையோ லிட்டர் கணக்கு காட்டவே காட்டாது.

தண்ணீருக்கும் விலை வைத்தால் தானே கணக்கு வந்துவிடும் என்பது இன்னொரு கட்சி. விலை கொடுக்க ஆலையால் முடியும். கூலிக்காரக் குடும்பத்தால் முடியுமா? அளப்பது வேறு, விற்பது வேறு. பிளாச்சிமடை ஆலை 2004 மார்ச்சில் நின்றது. 2010இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நட்டமாகத்தான் அந்த நீருக்கு ரூபாயில் ஓர் எண் கிடைத்தது! இழப்பீட்டுக்காகச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. 2025 ஜனவரியில், வாளையாருக்கு அதிக தூரமில்லாத எலப்புள்ளியில் மதுபானமும் எத்தனாலும் தயாரிக்கும் ஆலைக்குக் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி தந்தது. எத்தனால் பெட்ரோலில் கலக்கும் சரக்கு. இம்முறை முதலீடு எத்தனை கோடி என்பதைவிட, தண்ணீர் எங்கிருந்து, எத்தனை லிட்டர் என்ற கேள்விதான் முந்திக்கொண்டு செய்தியானது.