கண்மாய் இருக்கு, மடையைத் திறக்க ஆள் எங்கே?

"தண்ணி இல்லாத காட்டுக்கு மாத்திடுவேன்"னு சினிமாவுல எத்தனை போலீஸ்காரரை மிரட்டியிருப்பாங்க! அந்தக் காடுன்னு நாம நினைக்கிறது ராமநாதபுரத்தை. ஆனா அந்த மாவட்டத்தின் சராசரி மழை வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல. லண்டன்ல சுமார் 600தான்.

லண்டன்ல அது வருஷம் முழுக்கத் தூறும். இங்க பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள, அதுவும் சில நாள்லயே கொட்டித் தீர்த்துடும். நிலத்தடி நீர் பல இடங்கள்ல உப்பு. போர் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. அதனால விழுற மழையைப் பிடிச்சு வைக்கணும். அதுக்குத்தான் கண்மாய். வைகை ஆறே கடைசியில வந்து சேருறது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத்தான்.

தண்ணி வரத்துக்கால் வழியா உள்ளே வரும். நிரம்பி மிஞ்சினா கலுங்கு வழியா அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். வயலுக்குப் போறது மடை வழியா. குடிக்கிறதுக்குத் தனியா ஊருணி.

இங்க மழைக்கு முன்னாடியே காய்ஞ்ச மண்ணுல நெல்லை விதைச்சிடுவாங்க. புழுதி விதைப்புன்னு பேரு. மழையில பயிர் முளைச்சு வளர்ந்துடும். சிக்கல் மழை நின்னதுக்கு அப்புறம்தான். கதிர் பால் பிடிக்கிற நேரத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை தண்ணி வேணும். அது கண்மாய்ல இருந்து வரணும். வரலைன்னா நெல்லு பதராகிடும், வீட்டுக்கு வைக்கோல்தான் வரும். ஒரு குடும்பத்துக்கு அந்த வருஷச் சோறு உண்டா இல்லையாங்கறது அந்தக் கடைசித் தண்ணியிலதான் இருக்கு.

அப்போ கண்மாய்ல கால்வாசிதான் தண்ணி இருக்குன்னு வைங்க. மடைக்குப் பக்கத்து வயல்காரர் பாய்ச்சிக்கிட்டே இருந்தா கடைமடைக்கு ஒரு சொட்டும் போகாது. இதைப் பிரிச்சுக் கொடுக்க ஊருக்கு ஒருத்தர் இருந்தார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன்னு ஊருக்கு ஊர் பேரு மாறும். எந்த மடையை எப்போ திறக்கணும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எது இன்னும் ரெண்டு நாள் தாங்கும், எல்லாம் அவர் கணக்கு. ராத்திரியில கரை கசியுதான்னு பார்க்கிறதும் அவர்தான். வயல்காரங்க தாங்களே வாய்க்கால்ல மண்வெட்டி போடக் கூடாதுங்கிறது பல ஊர்கள்ல கட்டுப்பாடு.

இதைக் கேட்டுட்டு "ஆஹா, நம்ம முன்னோர்கள்"னு உருக வேணாம். பல ஊர்கள்ல இந்த வேலை பரம்பரையா தலித் குடும்பங்கள் தலையில விழுந்தது. ஊர்த் தண்ணியே அவர் கையில, ஆனா ஊர்ல அவருக்கு மரியாதை கிடையாது. கூலி அறுவடையில நெல்லா வரும். விளைச்சல் பொய்ச்சா கூலியும் பொய்ச்சது. அவங்க பிள்ளைங்க திருப்பூருக்கும் சென்னைக்கும் போனாங்கன்னா, சரியாத்தான் செஞ்சாங்க.

2017ல அரசு குடிமராமத்துன்னு திட்டம் கொண்டு வந்தது. தூர் வாரினாங்க, கரையை உயர்த்தினாங்க, மடையைச் சரி பண்ணினாங்க. தேவையான வேலைதான், நான் குறை சொல்லலை. ஆனா ஜேசிபி ஒரு மாசத்துல கிளம்பிடும். ஜனவரியில மடைப் பக்கம் நிக்கிறது யாரு? தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கு. எல்லாத்துக்கும் இதே கேள்விதான்.

என் கருத்து இதுதான்: நீர்க்கட்டியை மாசச் சம்பள வேலை ஆக்கணும். சாதி பார்க்காம, பயிற்சி கொடுத்து, பெண்களையும் சேர்த்து. தண்ணியைப் பிரிக்கிறப்போ பெரிய நிலக்காரர்கிட்ட "இன்னைக்கு உங்களுக்கு முறை இல்லை"ன்னு சொல்ற அதிகாரம் எழுத்துல இருக்கணும். நெல்லுக் கூலி வேணாம், ஏன்னா தண்ணி குறைஞ்ச வருஷத்துலதான் அவர் வேலை அதிகம்.

உங்க ஊர்ல, உங்க வீட்டுல யாராவது இந்த வேலை பார்த்திருந்தா, அவங்ககிட்ட உக்காந்து பேசி வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஊருணி.