மண்ணீரலில் ஒரு கட்டி



"பாலம் கட்டுறவன் மண்ணீரலைப் பத்தி என்னடா பேசப்போறான்?" என்று கடைசி வரிசையில் சிரிப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது.

மூன்று வருஷம் முன்பு வேலை நடக்கும் இடத்தில் வழுக்கி விழுந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். விலா எலும்பு பிழைத்தது. மண்ணீரலில் 7 செ.மீ. கட்டி என்றார்கள். அதுவரை ஒரு வலிகூடக் கிடையாது.

இடது விலாவுக்குள் இருக்கும் சுமார் 150 கிராம் உறுப்பு அது. நம்ம பாஷையில் ஒரு ஃபில்டர். பழைய சிவப்பணுக்களைக் கழிக்கும், ரத்தத்தில் நுழையும் கிருமிகளைப் பிடிக்கும். அதில் கட்டி வருவதே அபூர்வம். புற்றுநோய் அல்லாத கட்டிகளில் அதிகம் காணப்படுவது ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி. நிணநீர்க் குழாய்களாலான லிம்ஃபாஞ்சியோமா, மண்ணீரல் திசுவே முறை தவறித் திரளும் ஹமார்டோமா, 1991-இல் விவரிக்கப்பட்ட லிட்டோரல் செல் ஆஞ்சியோமா ஆகியவையும் உண்டு.

சாதுவான கட்டிக்கு ஏன் கவலை? ஸ்கேனில் சில சமயம் இதுவும் புற்றுநோயும் ஒரே மாதிரி தெரியும். பெரிய ரத்தக்குழாய்க் கட்டி வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். சிறிதாக, சந்தேகமில்லாததாக இருந்தால் கண்காணித்தாலே போதும்.

என் கட்டியில் சந்தேகம் தீரவில்லை. தடுப்பூசிகள் போட்டு, இரண்டு வாரம் கழித்து மண்ணீரலையே எடுத்தார்கள். ரத்தம் கொடுக்க நம்ம விடுதி நண்பர்கள் நாலு பேர் ராத்திரி பஸ் பிடித்து வந்தார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது: ஹமார்டோமா. அதுவரை தைரியம் சொன்ன என் மனைவி அன்றுதான் அழுதாள்.

கதை அதோடு முடியவில்லை. போன வருஷம் ஒரு சாயங்காலம் குளிர் ஜுரம். "காலைல பார்த்துக்கலாம்" என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன். அவள் விடவில்லை, ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தத்தில் நிமோகாக்கஸ் கிருமி! விடியும்வரை காத்திருந்தால் இன்று உங்கள் முன் நின்றிருக்க மாட்டேன். தடுப்பூசி ஆபத்தைக் குறைக்கும், அறவே போக்காது. ஃபில்டர் இல்லாத வண்டி அல்லவா!

விபத்திலோ நோயிலோ மண்ணீரலை இழந்தவர் உங்கள் வீட்டில், விடுதி அறையில் இருக்கலாம். அவருக்கு ஜுரம் வந்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரி. "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பதுதான் டாக்டரிடம் முதல் வார்த்தை. என் பர்ஸில் அப்படியொரு சீட்டு எப்போதும் இருக்கிறது.

அந்த நாலு பேரும் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.