மூன்று வருடப் படிப்பு ஏன் மூன்று வருடத்தில் முடிவதில்லை?

(கல்வி உதவி வழங்கும் நிகழ்வில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஒவ்வொரு வருடமும் இந்த நிகழ்வில் உதவித்தொகை கொடுக்கிறோம், புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கலைகிறோம். இந்த வருடம் முதலில் எங்கள் பக்கத்துக் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி அலுவலகத்துக்கு வந்தார். வளைகுடாவில் வேலைக்கு முயற்சி செய்கிறார், ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றார். "டிகிரி சான்றிதழ் எங்கே தம்பி?" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டார். முதல் வருடத்து ஆங்கிலப் பேப்பரும் கணக்குப் பதிவியல் பேப்பரும் இன்னும் நிற்கின்றனவாம். மூன்று வருடமும் நம்மிடம் உதவி வாங்கிப் படித்தவர் அவர். "நான்காவது வருடம் ஏன் வரவில்லை?" என்றோம். "உங்கள் விண்ணப்பத்தில் முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று மூன்று கட்டம்தானே இருக்கிறது? நான் எதில் டிக் போடுவது?" என்றார்.

எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எத்தனை பேரைச் சேர்த்துவிட்டோம் என்று எண்ணி வந்தோமே தவிர, எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணவே இல்லை.

அரியர் என்றாலே "ஊர் சுற்றினான், படிக்கவில்லை" என்று பேசிவிடுகிறோம். அப்படிச் சிலர் இருக்கலாம். ஆனால் இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டப்படிப்பை எத்தனை பேர் முடித்தார்கள் என்று கணக்கெடுக்கும்போது, ஆறு வருடம் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள். தாமதம் எங்கும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது எதனால் வருகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, மொழி. அண்ணாகிராமம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை, கல்லூரியில் காமர்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸோ எடுக்கிறது. பாடம் ஆங்கிலம், புத்தகம் ஆங்கிலம், வினாத்தாள் ஆங்கிலம். வகுப்பு பிடிபடவே ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் முதல் செமஸ்டர் தேர்வு வந்துவிடுகிறது. விசாரித்துப் பார்த்தால், பலருக்குக் கடைசிவரை நிற்பவை முதல் வருடப் பேப்பர்கள்தான்.

இரண்டாவது, மதிப்பெண் கணக்கு. நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75, தேர்ச்சிக்கு 40. ஒரு பிள்ளை இன்டர்னலில் 22, தேர்வில் 24, மொத்தம் 46 வாங்கியிருக்கும். பாஸ் என்றுதானே நினைப்போம்? இல்லை. எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 எடுத்தாக வேண்டும். இது தெரியாமல் "இன்டர்னல் நிறைய இருக்கிறது" என்ற தைரியத்தில் போய் உட்காருகிறார்கள். உங்கள் கல்லூரி விதி என்ன என்பதைச் சேர்ந்த முதல் மாதமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேலை. அத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் பையன்தான் கடையில் நிற்கிறான். நம் பகுதியில் முந்திரிக்கும் பலாவுக்கும் சீசன் கோடையில். கல்லூரியில் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுதுவதே சிக்கல். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டலாம். அதிகம் குறைந்தால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டிவரும்.

நான்காவது, நிக்காஹ். நல்ல சம்பந்தம் வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் கடைசி செமஸ்டருக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தேதி குறிக்கிறோம். பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்கிறோம். கைக்குழந்தையோடு அந்த அப்புறம் லேசில் வருவதில்லை.

ஐந்தாவது, வெட்கம். ஒரு பேப்பர் போனதை வீட்டில் சொல்லாத பிள்ளை, அடுத்த தடவை தேர்வுக் கட்டணத்தையும் கேட்பதில்லை. ஒன்று மூன்றாகிறது, மூன்று ஆறாகிறது. மூன்றாம் வருடத்தில் புதிய பாடங்களோடு பழைய பாடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் அள்ளப்போய் எதுவும் கையில் நிற்பதில்லை.

அரசாங்கத்தின் உதவி இருக்கிறது, மறுக்கவில்லை. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டமும் வந்தன. தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. விண்ணப்பிக்காதவர்கள் இன்றே கல்லூரியில் கேளுங்கள். ஆனால் அது படிப்புக் காலத்துக்கான உதவி. படிப்புக் காலம் முடிந்த பிறகு பஸ் பாஸ் இல்லை, வகுப்பு இல்லை, சந்தேகம் கேட்க ஆசிரியர் இல்லை. கை கொடுக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் நாங்களும் கையை எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், கட்டணம் கட்டியவர்களுக்கு அரியர் எல்லாம் ரத்து, பாஸ் என்று அரசு அறிவித்தது. ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வு வைக்காமல் பாஸ் போடுவதை 2021இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதை நம்பிப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டவர்களை நாங்கள் அறிவோம். மறுபடியும் அப்படி வரும் என்று காத்திருக்காதீர்கள்.

கால எல்லையும் இருக்கிறது. படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு வருடம், தவிர்க்க முடியாத நிலையில் இன்னும் ஒரு வருடம் என்பது 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்ன வழிகாட்டுதல். சில பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு தருகின்றன, ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை. நம் கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் இருந்தன. இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்திருக்கின்றன. பழைய மாணவர்கள் தாங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவானவர்கள் என்பதை மதிப்பெண் பட்டியலில் பார்த்து, அங்கேயே விசாரியுங்கள்.

பெரியவர்களே, பத்ருப் போர்க் கைதிகளின் வரலாறு நமக்குத் தெரியும். பணம் இல்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு, மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே விடுதலைக்கு ஈடாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாகத் தேறிய பிறகே ஈடு நிறைவேறியதாகக் கொள்ளப்பட்டது என்று வரலாற்றில் வருகிறது. பாடம் தொடங்கியதைக் கணக்கில் எடுக்கவில்லை, முடிந்ததைத்தான் எடுத்தார்கள். நம் அறக்கட்டளைக்கும் அதுவே அளவுகோலாக இருக்க வேண்டும்.

எனவே இந்த வருடம் முதல் சில மாற்றங்கள் செய்கிறோம். அரியர் தேர்வுக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத்திலிருந்து, மற்றவர்களுக்குப் பொது நன்கொடையிலிருந்து. ஒவ்வொரு செமஸ்டர் முடிவு வந்ததும் மதிப்பெண் பட்டியலைக் காட்ட வேண்டும். உதவியை நிறுத்துவதற்காக அதைக் கேட்கவில்லை. எந்தப் பேப்பரில் சிரமம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம். ஆங்கிலத்துக்கும் கணக்குப் பதிவியலுக்கும், நம் ஊரில் படித்து முடித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களிடமும் சில வேண்டுகோள்கள். பெற்றோர்களே, "பாஸா ஃபெயிலா?" என்று கேட்காதீர்கள், "எத்தனை பேப்பர் நிற்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நிக்காஹ் தேதி குறிக்குமுன் தேர்வு அட்டவணையைப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் "எங்கள் பெண் பரீட்சை எழுதி முடிக்க வேண்டும்" என்று பேச்சுவார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். கடை வைத்திருக்கும் பாய்மார்களே, உங்களிடம் வேலை பார்க்கும் மாணவனுக்குத் தேர்வு மாதத்தில் விடுப்புக் கொடுங்கள், அதுவும் ஸதகாதான்.

படிப்பை நிறுத்திப் பல வருடம் ஆனவர்களும் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள். வாய்ப்பு இருக்கிறதா என்று கூடவே வந்து விசாரிக்கிறோம். யாரும் உங்களைக் குறைவாகப் பேச மாட்டார்கள்.

அந்தத் தம்பி இரண்டு பேப்பருக்கும் கட்டணம் கட்டிவிட்டார். துஆச் செய்யுங்கள். இன்று உங்கள் கையில் கொடுத்திருக்கும் விண்ணப்பத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டுக்குக் கீழே நான்காவதாக ஒரு கட்டம் இருக்கும்: "படிப்புக் காலம் முடிந்தது, தேர்வு பாக்கி." தேவையுள்ளவர்கள் தயங்காமல் அதில் டிக் போடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் தொடங்கியதை முடிக்கும் பாக்கியத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.