பாதுகாவலரும் ஊரும்: சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கரின் கோவில் மரபு

ஒரு புனிதரையோ அன்னை மரியாவின் திருப்பெயர்களுள் ஒன்றையோ ஒரு கோவிலுக்கும் அதைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கும் பாதுகாவலராக ஏற்று, ஆண்டுதோறும் கொடியேற்றி, நவநாள் எனப்படும் ஒன்பது நாள் வழிபாட்டை நடத்தி, நிறைவு நாளில் சுரூபத்தைத் தேரிலோ சப்பரத்திலோ வைத்துப் பவனி கொண்டுசெல்லும் வழக்கம் கத்தோலிக்க உலகம் முழுவதற்கும் பொதுவானது. ஆயினும் யார் கொடி வாங்கித் தருவது, யார் தேருக்கு வடம் பிடிப்பது, எந்தத் தெரு வழியாகப் பவனி செல்வது என்னும் வினாக்களுக்கு உரோமையிலிருந்து விடை வருவதில்லை. அவற்றை அந்தந்த ஊரே முடிவு செய்கிறது. அத்தகைய ஊரை விட்டுக் கடல் கடந்தவர்கள் தம் பாதுகாவலரை எங்கே நிறுத்தினார்கள், எவ்வாறு நிறுத்தினார்கள் என்பதே சிங்கப்பூரின் கிராஞ்சியில் கூடியுள்ள இம்மாநாட்டின் முன் இத்தலைமையுரை வைக்கும் வினா.

தமிழகத்தில் பாதுகாவலருக்கும் ஊருக்கும் உள்ள உறவு வெறும் பக்தி உறவு மட்டுமன்று. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29ஆம் நாள் கொடியேறி, செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழாவுடன் நிறைவுறும் திருவிழா இன்று பல இலட்சம் மக்களை ஈர்க்கும் திருத்தலப் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. ஆனால் உவரியிலோ புளியம்பட்டியிலோ அந்தோனியாரை நாடி வருவோரிடமும், தம் ஊர்க் கோவிலில் செபஸ்தியாருக்கு நேர்த்திக்கடன் செலுத்தும் சிற்றூர் மக்களிடமும் புலப்படுவது வேறோர் உண்மை. ஊரின் எல்லை எது, ஊரார் யார், எந்தத் தெருவாருக்கு எந்த நாள் என்பவற்றைத் திருவிழாவே வரையறுத்தது. திருவிழாவின் ஒரு நாள் செலவை ஒரு குடும்பமோ தெருவோ தொழிற்குழுவோ ஏற்பதற்கு உபயம் என்று பெயர். அந்த உபயம் செலவுப் பொறுப்பாக இருந்ததோடு, ஊரில் தனக்குரிய இடத்தை வெளிப்படையாக நிலைநாட்டும் உரிமையாகவும் இருந்தது. அவ்வுரிமையில் சாதியின் கொடுமையும் கலந்திருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரு கைகளாகப் பிரியும் கோவில் 1872இல் எழுந்ததும், சாதியாரைப் பிரித்துவைத்த சுவர் 1910இல் தகர்க்கப்பட்டதும் தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றில் மறைக்கப்படக் கூடாத நிகழ்வுகள். பாதுகாவலர் வழிபாட்டின் அழகை மட்டும் எழுதி, அதன் அடியில் கிடந்த இந்தக் காயத்தை விட்டுவிடும் ஆய்வு குறையுடையது.

பிலிப்பைன்ஸின் நடு லூசோனில் பம்பாங்கா மாநிலத்தைத் தாயகமாகக் கொண்ட கபம்பாங்கன் மக்களின் வழக்கங்களை இதனுடன் ஒப்புநோக்குவது பயன் தரும். பதினாறாம் நூற்றாண்டின் எழுபதுகளில் அகுஸ்தீன் சபைத் துறவிகள் அங்குக் கோவில்களை நிறுவத் தொடங்கினர். அபாலிட் என்னும் ஊரில் அப்புங் இரு என்று மக்கள் அன்போடு அழைக்கும் புனித பேதுருவின் சுரூபம், ஜூன் இறுதியில் பம்பாங்கா ஆற்றின் மேல் படகில் பவனி வருகிறது. பல ஊர்களில் புனிதர் சுரூபங்கள் கோவிலில் அல்லாமல் குறிப்பிட்ட குடும்பங்களின் பொறுப்பில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு, திருவிழாக் காலத்தில் பவனிக்கு வெளியே கொண்டுவரப்படுகின்றன. உபயக்காரரின் பொறுப்பை அறிந்த தமிழருக்கு இவ்வழக்கம் அயலாகத் தோன்றாது. 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின், மழையோடு கலந்து பாய்ந்த எரிமலைச் சேறு 1995இல் பகோலோர் ஊரை மூடியபோது, அங்கிருந்த புனித கில்லெர்மோ கோவில் ஏறத்தாழப் பாதி உயரத்துக்குப் புதைந்தது. ஊரார் பீடத்தின் பின்னமைப்பைத் தோண்டியெடுத்து, உயர்ந்துவிட்ட தரைமட்டத்தில் மீண்டும் நிறுவினர். பழைய சன்னல்கள் இன்று வழிகளாக உள்ளன. ஊரே சிதறிய நிலையிலும் மக்கள் முதலில் மீட்கத் துணிந்தவற்றுள் பாதுகாவலரின் பீடம் ஒன்று என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பகோலோரில் நிலம் மாறியது, மக்கள் அதே நிலத்தைப் பற்றி நின்றனர். சிங்கப்பூருக்கு வந்த தமிழரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்குப் பற்றி நிற்க நிலமே இருக்கவில்லை.

பாரிஸ் அயல்நாட்டு மறைபணிச் சபை, இயேசு சபை ஒடுக்கப்பட்டபின் 1776இல் புதுச்சேரியின் மறைபணிப் பொறுப்பை ஏற்றது. மலாய்த் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியதும் அதே சபையே. ஆகவே கடலின் இரு கரைகளிலும் தமிழ்க் கத்தோலிக்கரைக் கண்காணித்த குருக்கள் ஒரே குருமடப் பயிற்சியையும் ஒரே பக்தி மரபையும் உடையவர்களாக இருந்தனர். சிங்கப்பூரில் தமிழர் முதலில் நல்லாயன் கோவிலிலும், பின்னர் 1870 அளவில் எழுந்த புனித பேதுரு பவுல் கோவிலில் சீனக் கத்தோலிக்கருடன் ஒரே கூரையின் கீழும் வழிபட்டனர். அருட்தந்தை பியேர் பாரிஸ் சீன மொழியோடு தமிழையும் கற்று இரு சமூகத்தாருக்கும் பணியாற்றினார். தமிழ் நன்கறிந்த அருட்தந்தை மெனூவ்ரியேவின் முயற்சியால் ஓஃபிர் சாலையில் தமிழருக்கெனத் தனிக் கோவில் எழுந்தபோது, 1886இல் ஆயர் கஸ்னியே அடிக்கல் நாட்டினார். 1888இல் கோவில் திறக்கப்பட்டது. சிராங்கூன் சாலையும் லிட்டில் இந்தியாவும் நடந்து செல்லும் தொலைவில் உள்ள இக்கோவிலுக்குத் தூய லூர்து அன்னை பாதுகாவலர் ஆனார்.

இந்தத் தேர்வு கூர்ந்து நோக்கத்தக்கது. பிரான்சின் லூர்து நகரில் அன்னையின் காட்சிகள் நிகழ்ந்தது 1858இல். ஓஃபிர் சாலைக் கோவிலின் அடிக்கல் அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள் நாட்டப்பட்டது. இடைப்பட்ட காலத்திலேயே, எழுபதுகளில், புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் லூர்து அன்னைக்குத் தமிழ் மண்ணில் திருத்தலம் உருவாகிவிட்டது. எனவே சிங்கப்பூர்த் தமிழருக்கு லூர்து அன்னை முற்றிலும் புதிய பிரெஞ்சுப் பக்தியாக வந்திருக்க வேண்டியதில்லை. புதுச்சேரி, காரைக்கால் வட்டாரங்களிலிருந்து கப்பல் ஏறியவர்கள் ஊரிலேயே அறிந்த அன்னையாகவும் அவர் இருந்திருக்கலாம். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. வேளாங்கண்ணி அன்னைக்கோ உவரி அந்தோனியாருக்கோ கோவில் எழுந்திருந்தால், அது ஒரு கடற்கரைக்கு, ஒரு வட்டாரத்துக்கு உரியதாகப் பட்டிருக்கக்கூடும். எந்தத் தெருவுக்கும் முன்னுரிமை இல்லாத புதிய பாதுகாவலர், பல ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு ஒரே ஊராக அமைவதற்கு ஏற்றவர். இதை முடிந்த முடிபாக அன்றி, சோதிக்கத்தக்க கருதுகோளாகவே இவ்வுரை முன்வைக்கிறது. வடக்கன்குளத்துச் சுவர் நின்றுகொண்டிருந்த அதே காலத்தில் எழுந்த ஓஃபிர் சாலைக் கோவிலுக்குள் இருக்கைகளும் உபயங்களும் எவ்வாறு பகிரப்பட்டன என்பது இக்கருதுகோளின் உரைகல்லாகும்.

தேசிய நினைவுச்சின்னமாக 2005இல் அறிவிக்கப்பட்டதால் லூர்து அன்னை கோவிலின் கூர்முனைக் கோபுரமும் கோதிக் பாணி வளைவுகளும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளன; இது பெருமைக்குரியது. ஆனால் அச்சட்டம் காப்பது கட்டடத்தை. பிப்ரவரி 11ஆம் நாளை ஒட்டி நடைபெறும் திருவிழாவுக்கு, தமிழில் சொல்லப்படும் செபமாலைக்கு, கெபி எனப்படும் குகைப் பீடத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி வைக்கப்படும் மன்றாட்டுகளுக்கு அறிவிக்கைகளால் உயிர் தர இயலாது. தமிழருக்கென எழுந்த கோவில் பின்னர்ப் பல மொழியினரும் கூடும் பங்காக விரிந்தது நலமே. அதே வேளையில் தமிழ் வழிபாட்டு மரபின் பொறுப்பு ஒரு கோவிலின் இயல்பான வாழ்விலிருந்து நழுவி, தமிழ்த் திருப்பலியை விரும்பி வருவோரின் தோள்களில் தங்கியிருப்பதை ஆய்வாளர் கவலையோடு பதிவுசெய்ய வேண்டும்.

கிராஞ்சி இம்மாநாட்டுக்கு ஏற்ற இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவின் வட, மேற்குப் பகுதிகளில் காம்பீர், மிளகுத் தோட்டங்கள் பரவியிருந்தபோது அங்கு உழைத்த சீனத் தோட்டக்காரர்களிடையே கத்தோலிக்கம் நுழைந்தது. அவர்களுக்காகவே புக்கிட் தீமாவில் 1846இல் புனித சூசையப்பர் கோவில் தோன்றியது. 1851இல் இரகசியச் சங்கங்கள் சீனக் கத்தோலிக்கர் மீது தொடுத்த தாக்குதல்கள் இத்தகைய உட்பகுதித் தோட்டங்களையே சூறையாடின. சூசையப்பரை அவர்கள் பாதுகாவலராகப் பெற்றபோது பாதுகாப்பு என்பது நேரடிப் பொருள் கொண்டிருந்தது. கிராஞ்சிக்குத் தெற்கே சுவா சூ காங்கில் உள்ள கிறித்தவக் கல்லறைகளோ இன்னொரு வகைச் சான்று. 1998 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி ஓர் அடக்கத்துக்குரிய காலம் பதினைந்து ஆண்டுகள்; பின்னர் எச்சங்கள் தோண்டியெடுக்கப்படுகின்றன. நிலம் அரிதான நாட்டில் இவ்விதியின் தேவையை மறுப்பதற்கில்லை. எனினும் தமிழில் பெயரும் பிறந்த ஊரும் பொறித்த கற்கள் அகற்றப்படுமுன் அவற்றைப் படமெடுத்துப் படியெடுக்கும் பணி, கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2ஐ எதிர்நோக்கி ஆண்டுதோறும் செய்யத்தக்க எளிய பணியே.

இன்றைய கிராஞ்சியில் தொழிலாளர் விடுதிகள் உள்ளன. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழகத் தொழிலாளருள் கத்தோலிக்கரும் அடங்குவர். அருகே உட்லண்ட்ஸில் உள்ள கோவில் புனித அந்தோனியாருக்கு உரியது. தென் தமிழகத்திலிருந்து வந்த இளைஞருக்கு அவர் அறிமுகம் தேவைப்படாத பாதுகாவலர். இவர்களையும் இம்மரபின் வரலாற்றுக்குள் சேர்க்காத ஆய்வு, 1888இல் கோவில் எழுப்பியவர்களும் பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்தவர்களே என்பதை மறந்ததாகும். ஆனால் இவர்களின் தடம் பங்குப் பதிவேடுகளில் கிடைப்பது அரிது. ஏனெனில் இவர்களுடைய திருமணமும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் விடுப்பில் சென்ற ஊரில் நடக்கின்றன. திருப்பலிக் கருத்துகள், அதாவது இன்னாருக்காக இன்ன வேண்டுதலுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்குமாறு கேட்டு எழுதும் சீட்டுகளும் குறிப்பேடுகளும், கைப்பேசியில் ஊர்த் திருவிழாவுக்கு அனுப்பப்படும் உபயத் தொகையின் இரசீதுகளுமே அவர்களின் ஆவணங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஞானஸ்நானப் பதிவேடுகளைப் போன்றே இவற்றையும், உரியவர்களின் ஒப்புதலோடும் அவர்களின் பெயர்களை மறைத்தும், திரட்டத் தொடங்குமாறு இம்மாநாட்டை இத்தலைமையுரை வேண்டுகிறது. புதுச்சேரி மறைபணியின், சிங்கப்பூரையும் உள்ளடக்கிய மலாக்கா மறைபணியின் ஆண்டறிக்கைகளை அருகருகே வைத்து வாசிக்கும் முதல் அமர்வு இப்போது தொடங்கலாம்.