சொல்லாமல் சுமக்கும் தொல்லை

(பங்கு மாதர் சங்கக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பெண்கள் உடல்நலம் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் பற்றியெல்லாம் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பெற்ற மகளிடம்கூட நாம் வாய் திறந்து சொல்லாத ஒரு தொல்லையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ஐம்பது வயதுத் தாய் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பூசைக்கு வந்தால் வாசல் ஓரமாகவே உட்காருகிறார். பிரசங்கம் முடியுமுன் எழுந்து போகிறார். வேளாங்கண்ணிக்குப் பேருந்து புறப்பட்டால், "வீட்டைப் பார்க்க ஆள் வேண்டாமா?" என்று நின்றுவிடுகிறார். பக்தி குறைந்துவிட்டதென்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். உண்மை வேறு. திடீரென்று, அடக்க முடியாதபடி சிறுநீர் முட்டுகிறது. சில வேளை கழிப்பறை போய்ச் சேருமுன் சேலை நனைந்துவிடுகிறது. இரவிலும் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது.

இதற்கு மருத்துவத்தில் 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்று பெயர். சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். நிறையும்வரை அதன் தசை தளர்ந்திருக்க வேண்டும். இத்தொல்லை உள்ளவர்களுக்கோ, பெரும்பாலும் பை நிறையுமுன்பே தசை தானாகச் சுருங்குகிறது. இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் நீர் கசிவது வேறு வகை. அதற்கு வைத்தியமும் வேறு.

இது அபூர்வமான நோயா? இல்லை. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வயது வந்த பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 17 பேருக்கு இது இருந்தது. ஆண்களுக்கும் வருகிறது.

நாம் செய்யும் தவறுகள் இரண்டு. "வயதானால் இப்படித்தான், பிள்ளை பெற்ற உடம்பு" என்று விட்டுவிடுவது ஒன்று. தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவது மற்றொன்று. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுத்து, பையை மேலும் உறுத்தும். மலச்சிக்கலும் சேர்ந்து தொல்லையைக் கூட்டும். இரவில் அவசரமாக ஓடி, வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

பின் என்ன செய்வது? மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது என்ன குடித்தீர்கள், எத்தனை முறை போனீர்கள், எப்போது கசிந்தது. அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரில் கிருமி, சர்க்கரை நோய், கல், கர்ப்பப்பை இறக்கம் ஆகியவையும் இதே போன்ற தொல்லையைத் தரலாம், பரிசோதித்தால் தெரிந்துவிடும். சிறுநீரில் இரத்தமோ, எரிச்சலோடு காய்ச்சலோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

இதற்கு எடுத்த எடுப்பில் கத்தி வைப்பதில்லை. காப்பி, தேநீரைக் குறைக்க வேண்டும். அவசரம் வரும்போது ஓடாமல், உட்கார்ந்து, சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி, முதலில் ஐந்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல இடைவெளியைக் கூட்ட வேண்டும். அடித்தசைப் பயிற்சியை அர்னால்டு கெகல் என்ற மருத்துவர் 1948-லேயே எழுதி வைத்தார். தினமும் செய்தால் மூன்று மாதத்தில் பலருக்குப் பலன் தெரியும். போதாவிட்டால் மாத்திரைகள் உண்டு. அதற்கு மேலும் வழிகள் உண்டு.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ மாமியாரோ அடிக்கடி எழுந்து போனால் கேலி செய்யாதீர்கள்; தனியே அழைத்து அன்போடு கேளுங்கள். விழா நடத்தும் பெரியவர்களே, மண்டபத்துக் கழிப்பறையைப் பூட்டி, சாவியை எங்கோ வைத்துவிடாதீர்கள். திறந்த ஒரு கதவு ஒரு தாயை விழாவுக்கு வரவழைக்கும்.

தாய்மார்களே, இது வெட்கப்பட வேண்டிய குற்றமல்ல. வைத்தியம் செய்துகொள்ள வேண்டிய நோய். இன்று வீடு திரும்பியதும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அடுத்த வேளாங்கண்ணிப் பேருந்தில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.