கடல் கடந்து கற்றது கிராமத்துக்கு வருமா?

(மீஞ்சூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், வரத்துக் கால்வாய் ஆகியவை குறித்தே வழக்கமாக உங்களிடம் பேசுபவன் நான். இன்று பள்ளிக்கூடத்தைப் பற்றி, அதிலும் அயல்நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை நம் அரசு பிரான்சு நாட்டுக்குக் கல்விப் பயணமாக அழைத்துச் சென்றது. அதே மாதத்தில் பஞ்சாப் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர் 72 பேரைப் பின்லாந்து நாட்டின் துர்க்குப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. "இதனால் எங்கள் ஊருக்கு என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். அவ்வாறு எவரும் கேளாமல் விடுவதுதான் குறை என்பதே என் கருத்து.

எழும்பூர் மணல்

பிற நாட்டாரின் பள்ளியைக் கண்டு கற்பது புதிய வழக்கமன்று. ஒரு காலத்தில் அவர்களே நம்மிடம் கற்றார்கள். 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் மேற்பார்வையாளரானார். ஒரு நாள் காலை குதிரைமீது சென்றவர், நம் நாட்டுப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் விடுதியிலும் அதைச் செய்யப் பணித்தார். அங்கிருந்த ஆசிரியரோ, "இது நடவாது" என்றார். பெல் சோர்ந்துவிடவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் சொன்னார். நடவாது என்றது நடந்தது.

இங்கிலாந்து திரும்பிய அவர் 1797-இல் இதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரால் அது ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. இன்றும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் சென்னையின் பழம்பெயரைத் தாங்கிய 'மெட்ராஸ் கல்லூரி' என்னும் பள்ளி இருக்கிறது.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு ஈடாகாது என்பதைப் பிற்காலத்தார் உணர்ந்து, அம்முறையை மாற்றிக்கொண்டார்கள். ஆதலின் கண்டதையெல்லாம் அப்படியே கொள்ளவும் கூடாது. கண்டதைச் சோதித்துப் பாராமல் தள்ளவும் கூடாது. உழவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நிலத்தடியில் கடல்நீர் ஏறிய நம் மீஞ்சூர்ப் பகுதியில், வேற்றூர் விதையை எடுத்த எடுப்பில் வயல் முழுதும் தெளிப்பவர் உண்டா? சிறிது நிலத்தில் விதைத்துப் பார்த்து, உவரைத் தாங்கினால்தானே மேலே செல்கிறோம்?

பின்லாந்தில் காண்பது

பின்லாந்தில் பள்ளிகளைப் பெரும்பாலும் நடத்துவது உள்ளாட்சி மன்றமே. வகுப்பாசிரியர் முதுகலைப் பட்டம் பெற்றவர். பிள்ளைகள் ஏழாம் வயதில் பள்ளியில் சேர்கிறார்கள். 1948 முதல் அங்கே பள்ளியில் உணவு இலவசம். நாமும் இதில் பின்தங்கியவர்களல்லர். 1956-இலேயே மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியவர்கள்.

நம் வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துவது வேறொன்று. வேற்று மொழி பேசும் குடும்பத்துப் பிள்ளை அங்கு வந்து சேர்ந்தால், அவ்வூர் மொழியைக் கற்பிக்கச் சுமார் ஓராண்டு ஆயத்த வகுப்பு நடத்துகிறார்கள். மொழி தெரியாத பிள்ளையை வகுப்பின் கடைசியில் வாளாவிருக்க விடுவதில்லை.

என் பிழை

இங்கே என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். நான் முன்பு பணியாற்றிய வட்டாரத்தில் ஓர் ஆசிரியை அயல்நாட்டுப் பள்ளிகளைக் கண்டு திரும்பினார். பாராட்டுக் கூட்டம் நடத்தினோம். பொன்னாடை போர்த்தினோம். நானும் பத்து நிமிடம் புகழ்ந்து பேசிவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். அவர் கண்டது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து வேறு வேலையாக அப்பள்ளிக்குச் சென்றபோது அவர் ஒரு குறிப்பேட்டைக் காட்டினார். செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் தொடங்கிவைக்கும் திட்டம் அதில் இருந்தது. அவர் வேண்டியதெல்லாம் ஓர் அறையும், நாள்தோறும் ஒரு மணி நேரம் உதவ ஒருவரும், சூளையிலிருந்து பிள்ளைகளை அழைத்துவர ஓர் ஏற்பாடும்தான். நான் அதைப் படித்த நாளில் சூளைப் பருவம் முடிந்திருந்தது. பிள்ளைகள் ஊர் திரும்பிவிட்டார்கள். பொன்னாடைக்குச் செலவிட்ட நேரத்தில் அவரை இரண்டு வார்த்தை கேட்டிருந்தால், அவர்களுள் சிலராவது எழுத்தறிந்து சென்றிருப்பார்கள்.

நாம் செய்யத்தக்கவை

திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகள் பல. எண்ணூர், வல்லூர், காட்டுப்பள்ளி ஆகிய இடங்களிலோ அனல்மின் நிலையமும் துறைமுகமும் வெளிமாநிலத் தொழிலாளரை ஈர்க்கின்றன. இடம்பெயர்ந்து வந்தவர்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. ஆகவே இது நாம் காட்டும் கருணையன்று, நம் பொறுப்பு.

முதலாவது, வெளிநாடோ வெளிமாநிலமோ சென்று வந்த ஆசிரியரைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசச் சொல்லுங்கள். அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடமுண்டு. "என்ன கண்டீர்கள்? இங்கே எதைச் செய்து பார்க்கலாம்? அதற்கு எங்களால் ஆவது என்ன?" என்ற மூன்று கேள்விகள் போதும். விடையைக் குறிப்பேட்டில் பதிந்து, அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேளுங்கள்.

இரண்டாவது, சூளைக்கும் ஆலைக்கும் புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். சென்ற ஆண்டே வந்து தமிழ் பேசப் பழகிய பிள்ளை ஒன்று இருந்தால், புதிய பிள்ளைக்கு அருகே அமர்த்தச் சொல்லுங்கள். ஆசிரியர் கற்பிக்கட்டும், அப்பிள்ளை துணை நிற்கட்டும். எழும்பூரில் எட்டு வயதுச் சிறுவன் செய்ததை மீஞ்சூரில் ஒரு சிறுமி செய்ய முடியாதா?

மூன்றாவது, ஆசிரியர் பரிமாற்றத்துக்கு விமானம்தான் வேண்டும் என்பதில்லை. பழவேற்காட்டுக் கரையோரப் பள்ளி ஆசிரியர் ஒரு நாள் நெல்வயல் சூழ்ந்த ஊரின் பள்ளியைக் கண்டு வரட்டும். அங்குள்ளவர் இங்கு வரட்டும். பேருந்துக் கட்டணத்தில் முடியும் கல்விப் பயணம் இது.

1958-இல் நம் மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில்தான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலாகக் கூடியது. அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்த திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர்மக்களை நம்பினார். மக்கள் தம்மால் இயன்றதைப் பள்ளிக்கு ஈந்தார்கள். அந்த வழி நமக்குப் புதியதன்று.

அடுத்த சூளைப் பருவம் தொடங்குமுன் நம் ஊராட்சிகளில் எத்தனை பள்ளிகள் ஆயத்தமாக இருக்கும் என்பதை உங்களிடமே விட்டு அமர்கிறேன்.